பெரிய வெங்காயம்

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பயப்படாதீர்கள். மளிகைக் கடைக் கணக்குதான்.

42 கோடியே 75 லட்சம் முட்டை. 35,749 டன் வெங்காயம். 21,513 டன் உருளைக்கிழங்கு. 1,24,218 டன் அரிசி. 1,09,162 டன் கோதுமை மாவு. 64,494 டன் சர்க்கரை. 224 டன் பருப்பு. அப்புறம் பத்து லட்சம் டன் ஆற்று மணல், பத்து லட்சம் டன் ஜல்லி.

பெரிய இடத்துக் கல்யாண லிஸ்ட் மாதிரி இருக்கிறதல்லவா? (மணலும் ஜல்லியும் எந்தக் கல்யாணத்தில் கேட்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) 2024-25ம் நிதியாண்டில் மாலத்தீவுக்கு இவ்வளவு ஏற்றுமதி செய்துகொள்ளலாம் என்று இந்திய அரசு போட்ட உத்தரவு இது. இந்த ஏற்பாடு தொடங்கியது 1981ல். அன்றிலிருந்து இத்தனை பெரிய அளவு அனுமதி கொடுத்ததே கிடையாது. உத்தரவு வெளியானது 2024 ஏப்ரல் 5ம் தேதி.

அந்தத் தேதிதான் விஷயம்.

அந்த வாரம் நீங்கள் டி.வி.யைப் போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மாலத்தீவு நம் எதிரி. அங்கே புதிதாக வந்திருக்கிற அதிபர் சீனாவின் ஆள். நம் ராணுவத்தினரை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். முதல் குழு மார்ச்சில் கிளம்பியாகிவிட்டது, மே 10க்குள் கடைசி ஆளும் கிளம்பியாக வேண்டும். போதாக்குறைக்கு அவருடைய அமைச்சர்கள் நம் பிரதமரைக் கேவலமாகப் பேசியிருக்கிறார்கள். ஆகவே மானமுள்ள இந்தியன் எவனும் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

அதே வாரம் டெல்லியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி முட்டைக் கணக்கில் ஐந்து சதவீதம் ஏற்றிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மணலுக்கும் ஜல்லிக்கும் இருபத்தைந்து சதவீதம் கூடுதல்.

இரண்டில் எது நம் வெளியுறவுக் கொள்கை? டி.வி.யில் பார்த்ததா, அந்தக் கையெழுத்தா? எனக்குக் கையெழுத்தைத்தான் நம்பத் தோன்றுகிறது. பி.காம். படித்தவன் புத்தி அப்படி. வாய் என்ன சொல்கிறது என்பதைவிடப் பேரேடு என்ன சொல்கிறது என்றுதான் முதலில் பார்க்கும்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். 2023 செப்டம்பரில் மாலத்தீவில் அதிபர் தேர்தல். இரண்டு சுற்று. 30ம் தேதி நடந்த இரண்டாவது சுற்றில் பதவியில் இருந்த இப்ராஹிம் முகமது சோலியை முகமது முய்ஸு சுமார் 54 சதவீத வாக்கு வாங்கித் தோற்கடித்தார். முய்ஸு எஞ்சினீயர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மாலே நகர மேயராக இருந்தவர். அதற்கு முன்னால் யாமீன் அரசில் வீட்டு வசதி, கட்டுமானத் துறை அமைச்சர். சீனா கட்டிக் கொடுத்து 2018ல் திறக்கப்பட்ட மாலே பாலம் அவர் காலத்து வேலைதான். அவருடைய கூட்டணியின் கோஷம் ‘இந்தியாவே வெளியேறு.’

போதாதா? மறுநாளே நம் ஊரில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இந்தியா தோற்றது, சீனா ஜெயித்தது.

மன்னிக்கவும். தேர்தலில் நின்றது சோலியும் முய்ஸுவும். இந்தியாவோ சீனாவோ வேட்புமனு தாக்கல் செய்ததாகத் தகவல் இல்லை.

முதல் சுற்றுக் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். முய்ஸுவுக்கு 46 சதவீதம். சோலிக்கு 39. சோலியின் பழைய சகாவும் முன்னாள் அதிபருமான நஷீத் கட்சியை உடைத்துக்கொண்டு போய் வேறு ஓர் ஆளை நிறுத்தினார். அவருக்கு 7 சதவீதம். ஆளுங்கட்சி அண்ணன் தம்பிச் சண்டையில் ரெண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று, மாலேயில் வீட்டு நெருக்கடி. உலகத்திலேயே மிக நெருக்கமாக மனிதர்கள் வாழ்கிற நகரங்களில் அதுவும் ஒன்று. வாடகை விழி பிதுங்க வைக்கும். அந்த ஊர்க்காரன் வாக்குச் சாவடிக்குள் நுழையும்போது இந்து மகாசமுத்திரத்தின் வல்லரசுப் போட்டியை நினைத்துக்கொண்டா நுழைவான்? வீட்டு ஓனர் முகம்தான் ஞாபகம் வரும்.

அப்படியென்றால் ‘இந்தியாவே வெளியேறு’ சும்மாவா? சும்மா இல்லை. அதில் நம் பங்கும் கொஞ்சம் இருந்தது. இதை நம் பக்கத்தில் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாலத்தீவில் இருந்த இந்திய ராணுவத்தினர் எத்தனை பேர்? ஏதோ ஒரு படையே கூடாரமடித்து உட்கார்ந்திருந்த மாதிரிதான் அங்கே பிரசாரம் நடந்தது. மொத்தம் எண்பது சொச்சம் பேர். ரெண்டு ஹெலிகாப்டர், ஒரு டோர்னியர் விமானம். மூன்றும் நாம் கொடுத்தவை. அட்டு, காத்து, ஹனிமாது என்று மூன்று தீவுகளில் நின்றன. பெரிய வேலை என்னவென்றால் தூரத்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தலைநகருக்குத் தூக்கிக்கொண்டு வருவது, கடலில் தேடுவது, கண்காணிப்பது.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் ஒளித்தார்கள். 2021 பிப்ரவரியில் உதுரு திலா ஃபல்ஹு என்ற இடத்தில் மாலத்தீவுக் கடலோரக் காவல் படைக்குத் துறைமுகம் அமைக்க ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன் முழு வாசகத்தை சோலி அரசு வெளியிடவில்லை. எதிர்க்கட்சிக்கு வேறென்ன வேண்டும்? மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் நடக்காவிட்டாலும் வெளியே நிற்கிறவன் கற்பனையில் எல்லாம் நடந்துவிடும். 2022 ஏப்ரலில் இன்னொரு காரியம் பண்ணினார் சோலி. ‘இந்தியாவே வெளியேறு’ பிரசாரத்துக்கே உத்தரவு போட்டுத் தடை விதித்தார். ஒரு கோஷத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்க்க இதைவிடச் சிறந்த வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

நம் தரப்புத் தவறு, ஒரே ஆளை நம்பி உட்கார்ந்தது. சோலி ஜெயித்து 2018 நவம்பரில் பதவியேற்றபோது நம் பிரதமர் நேரில் போனார். அடுத்த மாதமே 140 கோடி டாலர் உதவி அறிவித்தோம். கொடுத்ததில் தப்பில்லை. நாட்டுக்குக் கொடுத்ததை அந்த நாட்டு ஆளுங்கட்சிக்குக் கொடுத்த மாதிரித் தெரியவிட்டதுதான் தப்பு. அந்தக் கட்சி தோற்றதும் நாமும் சேர்ந்து தோற்ற மாதிரி ஆகிவிட்டது.

ஐந்து லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை உள்ள ஒரு நாட்டுக்கு 140 கோடிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பது எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நல்ல பக்கத்து வீடுதான். 1988 நவம்பரில் இலங்கைத் தமிழ் இயக்கமான ‘பிளாட்’ ஆட்கள் சுமார் எண்பது பேரைக் கூலிக்கு வைத்துக்கொண்டு மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார் ஓர் உள்ளூர்ப் பணக்காரர். அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றைக்கு ராத்திரியே ஆக்ராவிலிருந்து பறந்த நம் பாராசூட் படை மாலே விமான நிலையத்தில் இறங்கிவிட்டது. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்து ஊரே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டினோம். எல்லாம் உண்மை. ஆனால் கூப்பிட்ட ராத்திரியே வந்து காப்பாற்றுகிற பலம் உள்ளவனைப் பார்த்து, கூப்பிடாமலும் வந்துவிடுவானோ என்று ஒரு பயமும் கூடவே இருக்கும். சின்ன நாட்டு அரசியல்வாதிக்கு இந்தப் பயம் ஒரு நிரந்தர வைப்பு நிதி. தேர்தலுக்குத் தேர்தல் வட்டி எடுத்துக்கொள்ளலாம்.

முய்ஸு எடுத்துக்கொண்டார். 2023 நவம்பர் 17ல் பதவியேற்றதும் முதல் வேலையாக ராணுவத்தினரை அழைத்துக்கொள்ளச் சொன்னார். முதல் பயணமாக டெல்லிக்கு வருகிற சம்பிரதாயத்தை விட்டுவிட்டுத் துருக்கிக்குப் போனார். 2024 ஜனவரியில் சீனா.

அதே ஜனவரி முதல் வாரத்தில்தான் அந்த லட்சத்தீவுக் கூத்து. நம் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்த படங்களை வெளியிட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூன்று பேர் சமூக வலைத்தளத்தில் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அவர்கள் எழுதியது தப்பு. அவர்கள் அரசே ஜனவரி 7ம் தேதி மூவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டது. ஒரு நாகரிகமான உலகத்தில் விஷயம் அங்கே முடிந்திருக்கும். நம் ஊரில் அங்கேதான் ஆரம்பித்தது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் வரிசைகட்டி உள்ளூர்க் கடற்கரைகளுக்கு விளம்பரம் கொடுத்தார்கள். பயண முன்பதிவு நிறுவனம் ஒன்று மாலத்தீவு விமான டிக்கெட்டே விற்க மாட்டேன் என்று தேசபக்தி காட்டியது. தொலைக்காட்சி விவாதங்களில் பேசியவர்களைக் கேட்டால், இன்னும் ரெண்டு வாரத்தில் அந்த நாடு கடலில் மூழ்கிவிடும் என்று தோன்றியது.

மூழ்கியதா? இதோ கணக்கு. 2023ல் மாலத்தீவுக்குப் போன வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் நாம்தான் முதலிடம். சுமார் 2 லட்சத்து 9 ஆயிரம் பேர். 2024ல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாக விழுந்தது. நல்ல அடிதான். ஆனால் அதே வருஷம் மாலத்தீவின் மொத்தச் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை முதல் முறையாக 20 லட்சத்தைத் தாண்டியது. நாம் காலி செய்த முதல் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? சீனர்கள்.

அதாவது, சீனாவின் பக்கம் போகாதே என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து வழிவிட்டிருக்கிறோம்.

அரசியலிலும் அதே கதைதான். சீனாவிலிருந்து திரும்பிய முய்ஸு, நாங்கள் சின்ன நாடாக இருக்கலாம், அதற்காக எங்களை மிரட்ட யாருக்கும் உரிமை கிடையாது என்கிற ரீதியில் பேசினார். உணவுப் பொருளை வேறு தேசங்களிலிருந்து வாங்குவோம், மருந்தை ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நேரடியாக வரவழைப்போம் என்றார். நம் ஊர்ச் சத்தம் இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கு அங்கே கைதட்டு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். 2024 ஏப்ரல் 21ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. முய்ஸு கட்சி 93 இடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போனது. அவருக்காக மிகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தவர்கள் நம் தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் என்றே சொல்லலாம். சம்பளம் கேட்டிருக்கலாம்.

முய்ஸுவை மட்டும் விட்டுவிட முடியுமா? 2024 மே 10க்குள் நம் ராணுவத்தினர் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். வெற்றி. ஆனால் அந்த ரெண்டு ஹெலிகாப்டரும் டோர்னியரும்? அவை அங்கேயேதான் நின்றன. யார் ஓட்டினார்கள்? நம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் சிவிலியன் ஆட்கள். ஆக, ஒரு தேசத்தின் இறையாண்மைப் போராட்டம் கடைசியில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுச் சட்டை பேன்ட் போடுவதில் முடிந்தது.

சிரிக்கலாம். ஆனால் நடுவில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. 2024 ஜனவரியில் ஒரு தூரத்துத் தீவில் பதின்ம வயதுப் பையன் ஒருவனுக்குப் பக்கவாதம். விமானத்தில் மாலேக்குக் கொண்டுபோகக் கேட்டு, பல மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தான். பிழைக்கவில்லை. இந்திய விமானம் என்பதால் அனுமதி தரத் தயங்கினார்கள் என்று அங்கேயே குற்றச்சாட்டு எழுந்தது. கடைசி நேரத் தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. எது உண்மையோ, அந்த ஆம்புலன்ஸ் விமானம் ஒரு மேடைப் பேச்சுப் பொருளாக மாறிய பிறகு அந்தச் சந்தேகம் யாருக்கும் வராமல் இருக்காது.

இப்போது அந்த மளிகை லிஸ்டுக்குத் திரும்பலாம். அதில் வெங்காயத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கே தடை விதித்திருந்தது. உள்ளூரில் விலை ஏறிவிடுமோ என்ற பயம். தேர்தல் வேறு வருகிறது. நாசிக் விவசாயிகள் கொதித்துப்போயிருந்தார்கள். அரிசியிலும் சர்க்கரையிலும் கோதுமை மாவிலும்கூடத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. அந்தச் சமயத்தில், நம் ராணுவத்தினரை வெளியேறச் சொன்ன நாட்டுக்கு விதிவிலக்குக் கொடுத்து 35 ஆயிரம் டன் வெங்காயம்! நாசிக் விவசாயியிடம் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தடை நீங்க மே மாதம் வரை ஆனது.

ஆனால் ராஜதந்திரம் என்ற அளவில், கடந்த பல வருஷங்களில் அக்கம்பக்கத்து நாடுகள் விஷயத்தில் டெல்லி செய்த மிக நல்ல காரியம் இது என்றுதான் நினைக்கிறேன். சத்தமே போடாமல், பதிலுக்குப் பதில் பேசாமல், மாலே வீட்டுச் சமையலறையில் விலை ஏறாமல் பார்த்துக்கொண்டது. நிறுத்தியிருந்தால்? நம்மூரில் ஒரு வாரம் பட்டாசு வெடித்திருப்போம். அங்கே வெங்காயம் கிடைக்காத ஒவ்வொரு வீட்டிலும் முய்ஸு சொன்னது சரியென்று ஆகியிருக்கும்.

முட்டைக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஜனத்தொகையால் வகுத்தால் தலைக்கு வருஷத்துக்கு எண்ணூறுக்கு மேல் வருகிறது. தினம் ரெண்டுக்கும் அதிகம். அந்த ஜனங்கள் அப்படியொன்றும் முட்டைப் பிரியர்கள் இல்லை. மிச்சம், ரிசார்ட்டில் ஆம்லெட் சாப்பிடுகிற சுற்றுலாப் பயணிகளுக்கு. அதாவது சீனாக்காரர் காலை டிபனுக்கும் சேர்த்துத்தான் நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. அங்கிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குத் தோணிகள் போய்க்கொண்டிருப்பது எத்தனையோ காலமாக நடக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சமையலறையில் இருக்கிற மாசி அந்தத் தீவுகளின் சூரை மீன். எந்த அதிபர் எந்த ஏர்போர்ட்டில் முதலில் இறங்கினார் என்று பார்த்தா தோணியில் சரக்கு ஏற்றுவார்கள்?

சொல்லப்போனால், இந்த ‘முதல் பயணம்’ பைத்தியம் நம்மை விட்டுப் போக வேண்டும். இலங்கையில் அனுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜெயித்தபோதும், மார்க்சிஸ்ட் ஆயிற்றே, அவர் கட்சி ஒரு காலத்தில் இந்தியச் சாமான்களையே பகிஷ்கரிக்கச் சொன்ன கட்சியாயிற்றே என்று இதே பதற்றம். அவர் டிசம்பரில் முதல் பயணமாக டெல்லிக்கு வந்ததும் நம் ஆள் ஆகிவிட்டார். நேபாளத்தின் ஒலி அதே டிசம்பரில் பெய்ஜிங்குக்குப் போனார். அவர் சீன ஆள். விமான டிக்கெட்டை வைத்து விசுவாசத்தை அளப்பதென்றால் வெளியுறவுத் துறையை மூடிவிட்டு ஒரு டிராவல் ஏஜென்சி வைத்துக்கொள்ளலாம்.

மாலேயில் அப்புறம் நடந்தது பணக் கதை. 2024 மத்தியில் மாலத்தீவின் டாலர் கையிருப்பு தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. தர நிர்ணய நிறுவனங்கள் வரிசையாக மதிப்பைக் குறைத்தன. ஆகஸ்ட் கடைசியில், உள்ளூர்க் கரன்சி கார்டுகளை வைத்து வெளிநாட்டில் செலவழிக்க முடியாது என்று மாலத்தீவின் பெரிய வங்கியே அறிவித்து, அன்றைக்கே வாபஸ் வாங்கியது. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்றார்கள் அரசுத் தரப்பில். சதியெல்லாம் ஒன்றுமில்லை. கல்லாவில் டாலர் இல்லை. அவ்வளவுதான்.

இந்தியா என்ன செய்தது? ஸ்டேட் பாங்க் வாங்கி வைத்திருந்த தலா 5 கோடி டாலர் கருவூல பில்களை மே மாதம் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, வட்டியில்லாமல் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டித்துக் கொடுத்தது. ஜூன் 9ம் தேதி டெல்லியில் நடந்த பதவியேற்பு விழாவுக்கு முய்ஸு வந்திருந்தார். பிரதமரைத் திட்டி சஸ்பெண்டான துணை அமைச்சர்களில் இருவர் செப்டம்பரில் ராஜினாமா செய்தார்கள். அக்டோபரில் முய்ஸு அரசு முறைப் பயணமாக வந்தார். தாஜ்மகாலின் முன்னால் மனைவியோடு படம் எடுத்துக்கொண்டார். 40 கோடி டாலரும், தனியாக 3,000 கோடி ரூபாயும் கரன்சி மாற்று ஏற்பாடாக வாங்கிக்கொண்டு போனார். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நம் பாஷையில் கைமாத்து. உன் நாட்டு நோட்டை என்னிடம் வைத்துவிட்டு டாலர் எடுத்துக்கொண்டு போ, சொன்ன தேதியில் திருப்பிக் கொடு. இனாம் இல்லை.

2025 ஜூலை 25ம் தேதி நம் பிரதமர் மாலேயில் இறங்கினார். அடுத்த நாள் அவர்களுடைய 60வது சுதந்திர தினம், இவர்தான் சிறப்பு விருந்தினர். விமான நிலையத்துக்கு முய்ஸுவே வந்திருந்தார். 4,850 கோடி ரூபாய்க்குப் புதிய கடன் அறிவிக்கப்பட்டது, டாலரில் இல்லை, ரூபாயில். பழைய கடனுக்கு வருஷா வருஷம் 5 கோடியே 10 லட்சம் டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை 2 கோடியே 90 லட்சமாகக் குறைத்துக் கொடுத்தோம். அன்றைக்கு இருவருமாகச் சேர்ந்து ஒரு கட்டடத்தையும் திறந்துவைத்தார்கள். இந்திய உதவியில் எழுந்த கட்டடம். சுவரில் நம் பிரதமரின் பிரம்மாண்டமான படம் தொங்கியது.

என்ன கட்டடம் என்று சொல்லவில்லையே. மாலத்தீவின் பாதுகாப்பு அமைச்சகம்.